குழாய் போன குத்தகை நிலம், தெருவில் மூண்ட அடிதடி: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டம் எங்களுக்கு. மூன்று தலைமுறையாகக் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். பொதுத்துறை எண்ணெய் நிறுவனம் ஒன்று கிணற்றிலிருந்து அந்த நிலத்தின் வழியாகக் குழாய் பதித்தது. எங்கள் கைக்கு வந்தது ஒரு போகப் பயிர் இழப்பீடு மட்டும்தான். தண்ணீர் லாரி, மண்ணடிக்கும் வேலை எல்லாம் எங்கள் தெருவுக்கே போகிறது, நிறுவனம் கட்டித்தரும் சமுதாயக் கூடமும் எங்கள் பக்கமே வரும் என்று வடக்குத் தெருக்காரர்களுக்குக் கோபம். போன மாதம் அடிதடியாகி என் கொழுந்தனுக்கு மண்டை உடைந்தது. இரண்டு பக்கமும் கேஸ். அன்று வயலில் இருந்த என் கணவரையும் நாலாவது ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். பயத்தில் அவர் வெளியூரில் இருக்கிறார். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) நோட்டீஸும் வந்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள், சகோதரி. முதலில் உங்கள் கணவர் ஒளிந்திருப்பதை நிறுத்த வேண்டும். அதுவே அவருக்கு எதிராகப் பேசும். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, என்னென்ன பிரிவுகள் என்று பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 190ஆம் பிரிவு இருந்தால், பொது நோக்கத்தோடு கூடிய கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு. 'நான் யாரையும் தொடவே இல்லை' என்பது அப்போது போதாது, 'நான் அங்கேயே இல்லை' என்று காட்ட வேண்டும். அன்றைய உரக்கடை ரசீது, கூட வேலை பார்த்தவர்கள், கைபேசி விவரம் எல்லாவற்றையும் இப்போதே திரட்டி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனுவாக அனுப்புங்கள். முன்ஜாமீனுக்கு மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர்ந்திருந்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அதனால் நகலைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். கொழுந்தனின் காயச் சான்றை இன்றே மருத்துவமனையில் கேளுங்கள்.

ஆர்.டி.ஓ. நோட்டீஸ் அநேகமாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆம் பிரிவில் வந்திருக்கும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107தான். அது தண்டனை அல்ல. அமைதி காப்பதாக அதிகபட்சம் ஓராண்டுக்குப் பிணைப் பத்திரம் கேட்பார்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சரி, நிலத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். ஊரே லாரி வாடகைக்கும் சமுதாயக் கூடத்துக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறது. அந்த இரண்டையும் உரிமையாகக் கேட்க எந்தத் தெருவுக்கும் சட்டத்தில் இடமில்லை. ஒப்பந்த வேலை நிறுவனத்தின் வணிக முடிவு. சமுதாயக் கூடம், கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருவது. அது எங்கே வர வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு நிறுவனத்துக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். சட்டம் நிஜமாகவே உங்களுக்கு என்று வைத்திருக்கும் பணத்தை யாரும் கேட்கவே இல்லை.

குழாய் 1962ஆம் ஆண்டு பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டப்படி பதிக்கப்பட்டிருந்தால், நிலம் கோயிலுடையதாகவே இருக்கும், நிறுவனத்துக்குப் போவது பயன்பாட்டு உரிமை மட்டும். அதன்பின் அந்தக் கீற்றில் நெல் போடலாம். ஆனால் கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ, வீடு கட்டவோ முடியாது. இந்த இழப்புக்காகத்தான் 10ஆம் பிரிவு, பயிர்ச் சேதத்துக்கு மேல், சந்தை மதிப்பில் 10 சதவீதம் தரச் சொல்கிறது. நில உரிமையாளருக்கு மட்டும் அல்ல, நிலத்தை அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்பட்ட எவருக்கும் அதில் பங்கு உண்டு. குத்தகைதாரரான நீங்கள் அதில் வருகிறீர்கள். முழுத் தொகையும் கோயில் கணக்குக்குப் போயிருந்தால், பங்கு கேட்டு அந்தச் சட்டத்தின் தகுதி அதிகாரியிடம் (இழப்பீட்டை நிர்ணயிக்க அரசு அதிகாரம் கொடுத்தவர்) மனுக் கொடுங்கள். பங்கீட்டில் தகராறு வந்தால் அவர் அதை மாவட்ட நீதிபதிக்கு அனுப்ப வேண்டும். தொகை குறைவு என்றாலும் மாவட்ட நீதிபதியிடம்தான் போக வேண்டும்.

ஒருவேளை அந்தச் சட்டத்தில் போகாமல், கோயில் நிர்வாகத்தோடு நேரடி ஒப்பந்தம் போட்டிருக்கலாம். அப்படியானால் கணக்கே வேறு. அதைத் தெரிந்துகொள்ள 10 ரூபாய் கட்டி, நிறுவனத்துக்குத் தகவல் உரிமை மனு அனுப்புங்கள்: எந்தச் சட்டப்படி குழாய் பதிக்கப்பட்டது, அறிவிக்கை எந்தத் தேதி, யாருக்கு எவ்வளவு தரப்பட்டது. 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை, நீங்கள் குத்தகைதாரர் என்பதற்கான காகிதம். 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாலுகா பதிவேட்டில் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் குத்தகை ரசீதுகள், அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) நகல் இரண்டையும் வைத்து உடனே விண்ணப்பியுங்கள். டெல்டாவில் எத்தனையோ குடும்பங்கள் மாமனார் பெயரிலேயே ரசீது போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டு, இழப்பீட்டு நேரத்தில் கையைப் பிசைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தச் சமாதானப் பத்திரம். சாதாரணக் காய வழக்கைக் காயம்பட்டவர் சமரசமாக முடிக்கலாம். கலவரப் பிரிவை ஊர்ப் பெரியவர்களால் முடிக்க முடியாது. அதற்கு இரு தரப்பும் சேர்ந்து, வழக்கை ரத்து செய்யும்படி நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். நானும் சமாதானத்தையே விரும்புகிறேன், நாளைக்கும் அதே வாய்க்கால் தண்ணீரில்தான் இரண்டு தெருவும் நாற்று விட வேண்டும். ஆனால் அந்தப் பத்திரத்தில் 'குழாய் நிலத்தில் இனி எந்தப் பாத்தியதையும் கோரமாட்டோம்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்ட பிறகே கையெழுத்து. வடக்குத் தெருவிலும் நிலம் போன குத்தகைக் குடும்பங்கள் இருந்தால், அவர்களுக்கும் இதே 10ஆம் பிரிவு உண்டு என்று சொல்லி அனுப்புங்கள். தகுதி அதிகாரியிடம் இரண்டு தெருவும் சேர்ந்து மனுக் கொடுக்கத் தடை எதுவும் இல்லை.