தாலாட்டுக்கு இலக்கணம் இல்லையா?

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். என் மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குப் படிக்கிறாள். மெலடி, மோட்டிஃப், பிரேஸ், பீரியட், ஃபார்ம் என்று பாடப்புத்தகத்தில் வருபவை அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. தாளத்தைச் சம அளவில் பிரிக்கும் கட்டங்களில் நான்குக்கு ஒரு கோடு போட்டு, அதுதான் பிரேஸ் என்று மனப்பாடம் செய்கிறாள். நம் தாலாட்டு, ஒப்பாரிக்கெல்லாம் இலக்கணம் எதுவும் இல்லாததால்தான் நமக்கு இது கடினமாக இருக்கிறதா? கீபோர்டு போதுமா, பியானோ வாங்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பியானோவைப் பற்றி அவளுடைய ஆசிரியரிடம் கேளுங்கள். சுரங்கள் தாளத்தோடு நகர்ந்து மனத்தில் ஓர் உருவமாக நின்றால் மெலடி. அதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சிறு துணுக்கு மோட்டிஃப். ஒரு மூச்சில் பாடி நிறுத்தக்கூடியது பிரேஸ். ஒன்று கேட்டு மற்றொன்று விடை சொல்வதுபோல் இரண்டு பிரேஸ் சேர்ந்தால் பீரியட். முழுப் பாட்டில் எது திரும்பி வருகிறது, எது புதிதாக வருகிறது என்பதே ஃபார்ம். சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புகிறோமே, அதுவும் ஃபார்ம்தான்.

ஆனால், தாலாட்டுக்கு இலக்கணம் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? படித்ததும் கோபம் வந்தது. உங்கள் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒன்றில்தான் நான் பிறந்தேன். விடியுமுன் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார். நாங்கள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தோம். வரிசையாகத் தொங்கிய தொட்டில்களுக்கு நடுவே நின்று ஆயா பாடுவார். முதல் அடி மேலேறிப்போய் ஒரு சுரத்தில் நின்றுவிடும். முடிந்தது என்று காது ஒப்பாது. இரண்டாம் அடி இறங்கி ஆதார சுரத்தில் அமரும். பிள்ளைகள் விழித்திருக்கும்வரை முதல் அடியையே வெவ்வேறு சொற்களில் பாடிக்கொண்டிருப்பார். கண்கள் மூடின பிறகுதான் இரண்டாம் அடியை இறக்குவார். அடி முடியாமல் தொங்கி நிற்பதைப் பாதி கேடன்ஸ் என்றும், ஆதார சுரத்தில் வந்து முடிவதை முழுக் கேடன்ஸ் என்றும் மேற்கத்திய இசையில் படிக்கிறார்களே, அந்த இரண்டையும் நான் அங்கேதான் கேட்டேன். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலக்கணம் அவர் தொண்டையில் இருந்தது.

1824இல் வியன்னாவில் முதன்முதலாக ஒலித்த பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் எல்லோருக்கும் தெரிந்த ‘ஓட் டு ஜாய்’ மெட்டையும் பாருங்கள்: க க ம ப, ப ம க ரி, ச ச ரி க, க ரி ரி. ரிஷபத்தில் நிற்கிறது, வாசல் திறந்தே கிடக்கிறது. அடுத்த அடி ஏறக்குறைய அதுவேதான். முடிவு மட்டும் ரி ச ச என்று சட்ஜத்தில் அமர்கிறது. ஆயா செய்ததும் இதுதான்.

உங்கள் மகள் நான்கு நான்காகக் கோடு போடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நான்கு கட்டம் என்பது அடிக்கடி அமையும் அளவு, சட்டம் அல்ல. அதே பீத்தோவன் மெட்டில் மூன்றாம் அடிக்குப் பிறகு முதல் கருத்து திரும்பும்போது, கட்டம் பிறக்கக் காத்திராமல் ஒரு தாள எண்ணிக்கை முன்னதாகவே நுழைகிறது. அந்த அவசரத்தில்தான் அதன் உயிரே இருக்கிறது. நான்கை எண்ணிக் கோடு போடுகிற பிள்ளை அதைக் கேட்கவே மாட்டாள். கோடு சரியான இடத்தில் விழும், காது செத்துப்போகும். ஆயாவும் மாமன் பேர், சீர் வரிசை என்று சொற்கள் சேர்ந்தால் அடியை நீட்டிக்கொள்வார். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடி முடியும். தேர்வில் மதிப்பெண் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாயால் பாடாமல் ஒரு பிரேஸையும் அவள் குறிக்கக் கூடாது.

போட்ட கோடுகளை அழிக்கச் சொல்லுங்கள். மூச்சு தேவைப்படும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறு குறி போதும். பள்ளியில் பாடும் மலேசிய தேசிய கீதத்தில் இருந்து தொடங்கட்டும். 1957இல் அது நாட்டின் கீதமாவதற்கு முன் உங்கள் பேரா மாநிலத்தின் கீதமாக இருந்த மெட்டு அது. கடைசி அடிகள் இருமுறை வருகின்றன. ஒவ்வொரு முறையும் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். உங்கள் தாயாரின் தாலாட்டு நினைவிருந்தால் அதையும் அவளுக்குப் பாடிக் காட்டுங்கள். ஒப்பாரியைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இதில் அடங்காது.