மிதி பம்பா, என்ஜின் பம்பா? வாசகர் கேள்வி-பதில்

கே: கால் ஏக்கரில் காய்கறி போட்டிருக்கிறேன். கிணற்றில் 5 மீட்டர் ஆழத்தில் தண்ணீர். மிதி பம்பு போதுமா, என்ஜின் வாங்கவா?

ப: மிதி பம்பு போதும். வெயில் நாளில் பயிருக்கு, நிலம் முழுக்க சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வேண்டும். கால் ஏக்கருக்கு அது 5,000 லிட்டர். ஓர் ஆள் களைக்காமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி 75 வாட் அளவுதான். பம்பிலும் குழாயிலும் அதில் பாதி போனாலும், இரண்டு மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் மேலே வந்துவிடும். இரண்டு பேர் மாறி மாறி மிதித்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம். வாய்க்காலில் விட்டு மண்ணுக்குக் கொடுக்காமல் குழாயிலேயே கொண்டுபோங்கள்.

மிதிக்கப்போவது யார் என்று எழுதவில்லையே? உங்கள் மனைவி என்றால் அவரே ஏறி மிதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். கடையில் வாளியில் குழாயைப் போட்டு மிதித்துக் காட்டுவார்கள், அது கணக்கில்லை. 5 மீட்டர் ஆழத்திலிருந்து கால் மணி நேரம் இறைத்தால்தான் தொடைக்குத் தெரியும். பள்ளி விட்டு வரும் பிள்ளை மிதிக்கும் என்று நினைத்திருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

கே: எங்கள் கிணற்றில் 9 மீட்டரில்தான் தண்ணீர். கரையில் வைக்கும் என்ஜின் பம்பில் எச்.பி. கூட்டி வாங்கினால் இழுக்குமா?

ப: இழுக்காது. தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுவது காற்றழுத்தம். நடைமுறையில் தண்ணீர் பம்புக்குக் கீழே 7 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருந்தால் எந்த எச்.பி.யும் (குதிரைத்திறனும்) உதவாது. அதற்காக என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கிவிடாதீர்கள். என்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அதற்கு வாசனையும் கிடையாது. என்ஜினை நிறுத்தப் போனவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே உயிர்விட்ட கிணறுகள் உண்டு.

கே: 'ஒரு ஏக்கருக்குத் தாராளம்' என்று சொல்லி மிதி பம்பை விற்றார்கள். நாள் முழுக்க மிதித்தும் கடைசிப் பாத்தி காய்கிறது. நான்தான் சோம்பேறி என்கிறார் விற்றவர்.

ப: நீங்கள் சோம்பேறி இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார். ஒரு ஏக்கருக்கு நாளைக்கு 20,000 லிட்டர். உங்கள் கிணறும் 5 மீட்டர் என்றால் எட்டு மணி நேரம் மிதிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விற்றது பச்சைத் துரோகம். சொன்னதை எழுதி வாங்கியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பம்பைத் தூக்கிப் போட வேண்டாம், நாற்றங்காலுக்கு ஆகும். மீதிக்கு அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஓர் என்ஜின், இல்லையென்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு. 1970களின் இறுதியில் குன்னார் பார்ன்ஸ் என்ற நார்வே பொறியாளர் மூங்கிலும் இரும்பும் சேர்த்து மிதி பம்பை உருவாக்கிய வங்கதேசத்திலேயே, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றபிறகு, பலர் டீசல் என்ஜினுக்கு மாறினார்கள். என்ஜின் வாங்க முடியாதவர்கள் என்ஜின்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். மிதி பம்பு தோற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. கையில் காசில்லாதபோது முதல் விளைச்சலை எடுத்துக் கொடுத்தது அதுதான்.

கே: மலிவாகக் கிடைத்ததே என்று பெயரில்லாத என்ஜின் வாங்கினேன். பில் இல்லை. உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

ப: பில் இல்லை, பெயர் இல்லை, பாகம் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? அடுத்த முறை என்ஜினைப் பார்க்கும் முன் பக்கத்து மெக்கானிக்கிடம் என்ன பாகம் இருக்கிறது என்று பாருங்கள்.

கே: என்ஜின் பம்பு வந்த பெட்டியில் 'உயரம் 30 மீட்டர், மணிக்கு 30,000 லிட்டர்' என்று போட்டிருந்தது. பாதிகூட வரவில்லையே?

ப: இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. அந்த இரண்டு எண்ணும் தனித்தனியே உண்மை, ஒன்றாகச் சேர்ந்து பொய். 30,000 லிட்டர் என்பது தண்ணீரை உயர்த்தவே தேவையில்லாதபோது வருவது. 30 மீட்டர் என்பது தண்ணீர் எட்டிப்பார்த்து நின்றுவிடும் உயரம். அங்கே சொட்டுகூட வெளியே விழாது. உங்கள் வயலுக்கு வேண்டியது இடையில் இருக்கும் எண். எந்த உயரத்தில் எவ்வளவு என்று காட்டும் அட்டவணையை அச்சடித்து ஒட்ட என்ன செலவாகிவிடும்? எழுத்து தெரியாத விவசாயிக்கும் புரிகிற மாதிரி படமாகவே போடலாமே!

இதே மாதிரிப் பெட்டியை நம்பி நானும் வாங்கினேன். சந்தேகம் வந்து 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பார்த்தேன். நிரம்ப 72 வினாடி. அதாவது மணிக்கு 10,000 லிட்டர். எரிபொருளோ முழுதாகக் குடித்தது. விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. வாங்கும் முன்பே டிரம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நீங்களாவது பாருங்கள், உங்கள் குழாய், உங்கள் உயரம், கையில் கடிகாரம்.

கே: மூன்று வருட மிதி பம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. புதிது வாங்கு என்கிறார் மெக்கானிக்.

ப: வேண்டாம். மிதிப்பதை நிறுத்திக் கவனியுங்கள். குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே இறங்கினால் ஃபுட் வால்வில் (குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு) மணலோ குச்சியோ சிக்கியிருக்கும். அது சரியாக இருந்தால் பிஸ்டன் வாஷர் தேய்ந்திருக்கும். தோல் வாஷர் என்றால் தண்ணீரில் ஊறவைத்த பிறகே மாட்டுங்கள். காய்ந்த தோல் காற்றை விடும்.