ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு?

கேள்வி: அலுவலகத்தில் ஒரே சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு மூன்று விஎம் (மெய்நிகர் கணினி) ஓடுகின்றன: டாலி கணக்கு மென்பொருள் உள்ள விண்டோஸ் சர்வர், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் உள்ள உபுண்டு, ஒரு ஃபைல் சர்வர். மொத்தம் 500 ஜிபி. தினமும் இரவு ஸ்னாப்ஷாட் எடுக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. ஸ்னாப்ஷாட் என்பது விஎம்மின் அந்த நேரத்து நிலையைக் குறித்துவைப்பது. அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போச்சு. அப்டேட் போடும் முன் ஒன்று எடுங்கள், எல்லாம் சரியென்றால் மறுநாளே அழித்துவிடுங்கள். எல்விஎம்-தின் ஸ்டோரேஜில் (எழுத எழுத மட்டுமே இடம் எடுக்கும் முறை) பழையதை அப்படியே விட்டுவைத்தால் பூல், அதாவது விஎம்கள் பகிரும் பொது இடம், சத்தமில்லாமல் நிரம்பும். முழுக்க நிரம்பிவிட்டால் அந்தப் பூலில் உள்ள எல்லா விஎம்களும் எழுத இடமின்றி நின்றுவிடும்.

பிராக்ஸ்மாக்ஸின் பேக்கப் ஜாப்பிலும் (நேரம் குறித்து ஓடும் பேக்கப் வேலை) 'ஸ்னாப்ஷாட்' என்றொரு மோட் உண்டு. பெயர்தான் ஒன்று, வேலை வேறு. விஎம்மை நிறுத்தாமலே முழு நகலை வேறு இடத்தில் எழுதும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

எழுதும் இடம் தனி இயந்திரமாக இருக்க வேண்டும். பழைய கணினி ஒன்றில் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை நிறுவினால் போதும். அதே சர்வருக்குள் இன்னொரு விஎம்மாக அதை வைப்பதில் அர்த்தமில்லை. முதல் நாள் முழு நகல் போகும், பிறகு மாறிய பகுதி மட்டும். விஎம்மை அணைத்து மீண்டும் போட்டால், எது மாறியது என்ற கணக்கு அழிந்துவிடும். அன்றிரவு டிஸ்க் முழுவதையும் படிக்கும். நேரம் கூடினால் பதற வேண்டாம். பிரதான சர்வர் பயன்படுத்தும் லாகினுக்கு பேக்கப் சர்வரில் 'டேட்டாஸ்டோர் பேக்கப்' உரிமை மட்டும் கொடுங்கள். ரான்சம்வேர் சர்வரைப் பிடித்தாலும், அந்த லாகினை வைத்துப் பழைய பேக்கப்புகளை அழிக்க முடியாது. நாளுக்கு ஒன்றாக 7, வாரத்துக்கு ஒன்றாக 4, மாதத்துக்கு ஒன்றாக 6 பேக்கப் என்று வைத்துக்கொண்டால் ஒரு சிறு அலுவலகத்துக்குத் தாராளம். பழையதை நீக்கியதும் இடம் திரும்பவில்லையே என்பார்கள்: கார்பேஜ் கலெக்‌ஷன் (பயன்படாத டேட்டா துண்டுகளை அழிக்கும் வேலை) ஓடிய பிறகுதான் திரும்பும், அதுவும் கடைசி 24 மணி நேரத்தில் தொட்ட துண்டுகளை அது விட்டுவைக்கும்.

பலர் கோட்டை விடுவது கெஸ்ட் ஏஜென்டில், அதாவது விஎம்முக்குள் ஓடி பிராக்ஸ்மாக்ஸோடு பேசும் சிறு நிரலில். ஓடும் விஎம்மை அப்படியே நகலெடுத்தால், மின்சாரம் திடீரென்று போன நிலையில் உள்ள டிஸ்க்தான் கிடைக்கும். ஏஜென்ட் இருந்தால் நகல் தொடங்கும் கணத்தில் ஃபைல் சிஸ்டத்தை உறைய வைத்து, உடனே விடுவிக்கும். விஎம்முக்குள் அதை நிறுவுங்கள். விண்டோஸுக்கு விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலில் இருக்கிறது. பிறகு பிராக்ஸ்மாக்ஸில் அந்த விஎம்மின் ஆப்ஷன்ஸில் இயக்கி, விஎம்மை முழுவதும் அணைத்துப் போடுங்கள். உள்ளிருந்து ரீபூட் செய்தால் பிடிக்காது. அடுத்த பேக்கப்பின் லாகில் 'எஃப்எஸ்-ஃப்ரீஸ்' (உறைய வைத்தல்), 'எஃப்எஸ்-தா' (விடுவித்தல்) என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். 'ஸ்கிப்பிங்' என்றிருந்தால் ஏஜென்ட் ஓடவில்லை. அப்போதும் பேக்கப் பச்சை டிக்கோடுதான் முடியும், அதுதான் வம்பு. அதே லாகில் 'எக்ஸ்க்ளூட்' வரி இருந்தால் ஏதோ ஒரு டிஸ்க்கில் 'பேக்கப்' டிக் விடுபட்டிருக்கிறது.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி வகை அட்டவணைகள் பெரும்பாலும் தானே மீண்டுவிடும், மைஐஸாம் வகை அட்டவணைகளை நம்ப முடியாது. எதுவானாலும் தினம் ஒரு டம்ப்பை (டேட்டாபேஸை ஃபைலாக எழுதிய நகல்) விஎம்முக்குள்ளேயே போட்டுவையுங்கள். ஒரே அட்டவணைக்காக முழு விஎம்மை மீட்க வேண்டியிருக்காது. டாலிக்கும் அதன் சொந்த பேக்கப்பை ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள்.

பேக்கப்பின் நகலை இரண்டு யுஎஸ்பி டிஸ்க்குகளில் எடுத்து, அவற்றை வாரம் மாற்றி வாரம் வெளியே கொண்டு போங்கள். என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் சாவியை அச்செடுத்து வேறிடத்தில் வையுங்கள். சர்வரோடு சாவியும் போனால் பேக்கப்பைத் திறக்கவே முடியாது.

மாதம் ஒருமுறை ஒரு விஎம்மை மீட்டுப் பாருங்கள். புது ஐடி கொடுங்கள். பழைய ஐடியில் மீட்டால் இப்போதுள்ள விஎம்மின் மேலேயே எழுதிவிடும். இயக்கும் முன் நெட்வொர்க் கார்டில் 'டிஸ்கனெக்ட்' டிக் போடுங்கள், இல்லையென்றால் ஒரே ஐபியில் இரண்டு சர்வர் மோதும். டாலியைத் திறந்து நேற்றைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் 500 ஜிபி திரும்பி வர ஒன்றேகால் மணி நேரமாவது பிடிக்கும். முதலாளியிடம் சொல்ல வேண்டிய கணக்கு அது.