ஆர்க் சார்ட் காம்பொனென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

கேள்வி: சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறோம். ஒரு தொழிற்சாலைக்குச் செய்யும் எச்ஆர் ஆப்பில், யாருக்குக் கீழே யார் என்று காட்டும் ஆர்க் சார்ட் வேண்டும். விலைக்கு விற்கும் காம்பொனென்ட்டுக்கு டெவலப்பர் தலைக்கு இவ்வளவு என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் எதையாவது எடுத்து, நாங்கள் விற்கும் ஆப்பில் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம், லைசென்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு. பிரவுசரில் படம் வரைய உதவும் டி3 லைப்ரரி ஐஎஸ்சி லைசென்ஸில் வருகிறது, அதன்மேல் கட்டிய டி3-ஆர்க்-சார்ட் எம்ஐடி லைசென்ஸில், இன்னொரு சார்ட் லைப்ரரியான ஈசார்ட்ஸ் அப்பாச்சி 2.0-இல். மூன்றுமே வியாபாரத்துக்குத் தடை சொல்லாதவை, காப்பிரைட், லைசென்ஸ் வாசகங்களை அழிக்காமல் கூடவே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடப்பதெல்லாம் ஓப்பன் சோர்ஸ் இல்லை. விலைக்கு விற்கும் கோஜேஎஸ் லைப்ரரி அங்கேயும் இருக்கிறது, இறக்கி ஓட்டியும் பார்க்கலாம், காசு கட்டும்வரை படத்தின்மேல் வாட்டர்மார்க் நிற்கும்.

டி3-யை மட்டும் எடுத்தால் வேலை உங்கள் தலையில்தான். ஒவ்வொரு பெட்டியும் எங்கே உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டு எக்ஸ், ஒய் எண்களை மட்டும் அது கொடுக்கும், பெட்டி, கோடு, போட்டோ, கிளிக் செய்தால் சுருங்குவது எல்லாம் நீங்கள் எழுத வேண்டியவை. அதனால் டி3-ஆர்க்-சார்ட்டில் தொடங்குங்கள், அந்த வேலையில் பெரும்பகுதி அதில் முடிந்திருக்கிறது. கிளையைச் சுருக்கி விரிக்கும் வசதி ஈசார்ட்ஸிலும் உண்டு, போட்டோ வைத்த பெட்டிக்குத்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

உண்மையான தலைவலி எக்செல் ஷீட்டில் இருக்கிறது. முதலாளி, எம்டி இருவருக்குமே மேனேஜர் கட்டம் காலியாக இருந்தால் ஷீட்டின் வரிசைகளை மேல்-கீழ் அடுக்காக மாற்றும் டி3-யின் ஸ்ட்ராட்டிஃபை, உச்சியில் ஒருவருக்கு மேல் இருப்பதால் 'மல்டிபிள் ரூட்ஸ்' என்று சொல்லி நின்றுவிடும். வேலையை விட்டுப் போனவரின் எண் யாருக்காவது மேனேஜராக இன்னும் இருந்தால் 'மிஸ்ஸிங்' என்று வரும். காசு கொடுத்து வாங்கினாலும் இந்த ஷீட்டை நீங்கள்தான் சுத்தம் செய்யப்போகிறீர்கள்! அப்புறம், ஒரே ஆளுக்கு இரண்டு பாஸ் என்றால் அது ஒரே உச்சியிலிருந்து கிளை பிரியும் மரமே இல்லை, அதற்குப் பெட்டிகளை இஷ்டப்படி கோடு போட்டு இணைக்கும், எம்ஐடியில் வரும் ரியாக்ட் ஃப்ளோவும், பெட்டிகளை அடுக்கித் தர டாக்ரேயும் சேர்த்துப் பாருங்கள்.

வெறுமனே பார்ப்பதற்கு என்றால் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடலாம். பெட்டியை இழுத்து இன்னொருவருக்குக் கீழே போடுவது, அதை அன்டூ செய்வது, பிரின்ட்டில் பக்கம் பிரிப்பது வரை கஸ்டமர் கேட்கிறார் என்றால், அதைக் கட்ட உங்கள் டெவலப்பருக்கு ஆகும் சம்பளத்தைக் கணக்குப் போட்டுவிட்டு, ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.