46-ஆ, 92-ஆ? செல் பாடத்தில் வாசகர் கேள்விகள்

தேர்வுக்காகச் செல் உயிரியலைத் திருப்பிப் பார்க்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கேள்விகளில், அதிகம் குழப்புபவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: செல் உறுப்புகளின் பெயரும் வேலையும் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் எழுத வருவதில்லை. எப்படித் திருப்பிப் படிப்பது?

பதில்: ஒரு பக்கம் உறுப்பின் பெயர், மறுபக்கம் அதன் வேலை என்று பட்டியல் போட்டுப் படித்தால், கேள்வியும் பட்டியலாகவே வந்தால்தான் கைகொடுக்கும். அதைவிட, ஒரு பொருள் செல்லுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பிடித்துக்கொண்டு படியுங்கள். உறுப்புகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

கணையச் செல் ஒரு செரிமான நொதியைத் தயாரித்து வெளியே அனுப்புவதை எடுத்துக்கொள்வோம். நொதி ஒரு புரதம். அதற்கான தகவல் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.வில் உள்ளது. அது தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, உட்கரு உறையின் துளை வழியாகச் சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. ரைபோசோம் அதைப் படித்து அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறது. இந்த ரைபோசோம் சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் மேல் ஒட்டியிருப்பதால், வளரும் புரதச் சங்கிலி வலைக்குள்ளேயே நுழைந்து, அங்கே மடிந்து தன் வடிவத்தைப் பெறுகிறது. பிறகு சவ்வாலான சிறு பை ஒன்றில் ஏறி கோல்கை உறுப்புக்குப் போகிறது. கோல்கையில் புரதம் சில மாற்றங்களுக்கு உள்ளாகி, எங்கே போக வேண்டுமோ அதற்கேற்பப் பிரிக்கப்பட்டு, மறுபடி ஒரு பையில் அடைபடுகிறது. அந்தப் பை செல் சவ்வோடு இணைந்து திறந்ததும் நொதி வெளியேறுகிறது. இத்தனைக்கும் வேண்டிய ஏ.டி.பி.யில் (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியா தருகிறது.

இந்த வழி முழுவதையும் புத்தகத்தை மூடிவைத்து, வெற்றுத் தாளில் அம்புக்குறி போட்டு எழுதிப் பாருங்கள். எழுதியதும் ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, ‘இது நின்றுபோனால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். ரைபோசோம் நின்றால் புரதமே உருவாகாது. கோல்கைக்குப் போகும் வழி அடைபட்டால் புரதம் உருவாகும், ஆனால் எண்டோபிளாச வலையிலேயே தேங்கும். மாற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வடிவில்தான் வருகின்றன.

இதே வழி வரைபடக் கேள்வியாகவும் வரும். 1960-களில் ஜார்ஜ் பாலடேவும் அவருடைய குழுவினரும் கதிரியக்கமுள்ள அமினோ அமிலத்தைக் கினிப்பன்றியின் கணையச் செல்களுக்குக் கொடுத்து, அது நேரத்துக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். முதலில் சொரசொரப்பான எண்டோபிளாச வலையில், பிறகு கோல்கையில், கடைசியாகச் செல்லின் விளிம்பை ஒட்டிய பைகளில் கதிரியக்கம் தெரிந்தது. பாலடே 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வரைபடத்தில் மூன்று வளைகோடுகள் கொடுத்து ‘எது எந்த உறுப்பு?’ என்று கேட்டால், எது முதலில் உச்சத்தைத் தொட்டு இறங்குகிறதோ அது எண்டோபிளாச வலை. அவ்வளவுதான்.

கேள்வி: ஹைப்போடானிக், ஹைப்பர்டானிக் என்றாலே தண்ணீர் உள்ளே போகுமா, வெளியே வருமா என்று குழம்பிவிடுகிறது.

பதில்: ஒரு கரைசலை மட்டும் வைத்துக்கொண்டு அது ஹைப்பர்டானிக்கா இல்லையா என்று சொல்லவே முடியாது. செல்லுக்குள் இருப்பதோடு ஒப்பிட்டால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. வெளியே கரைபொருள் செல்லில் இருப்பதைவிட அதிகமென்றால் ஹைப்பர்டானிக், குறைவென்றால் ஹைப்போடானிக். கரைபொருள் ஏற ஏற நீரியல் திறன், அதாவது நீர் வெளியேறிப் போகும் நாட்டம், இறங்கும். நீரியல் திறன் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு நீர் போகும். விடை எழுதும் முன் விளிம்பில் சிறிய செல் படம் ஒன்று போட்டு, உள்ளேயும் வெளியேயும் ‘அதிகம்’, ‘குறைவு’ என்று குறித்துவிட்டால் அம்புக்குறியின் திசை தவறாது.

மனித இரத்தச் சிவப்பணுவுக்கு 0.9 சதவீத உப்புக் கரைசல் ஐசோடானிக், அதாவது உள்ளும் வெளியும் சமம். அதே அணு காய்ச்சி வடித்த நீரில் உப்பி வெடித்துவிடும். 5 சதவீத உப்புக் கரைசலில் சுருங்கும். தாவரச் செல்லைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டால் வெடிக்காது. நீர் புகப்புக உள்ளடக்கம் செல் சுவரை அழுத்தும், சுவர் திருப்பி அழுத்தும். செல் விறைப்பாகும். மேற்கொண்டு நிகர நீர் புகுவது நின்றுவிடும்.

அடர்ந்த சர்க்கரைக் கரைசலில் தாவரச் செல்லிலிருந்து நீர் வெளியேறி, செல் சவ்வு சுவரை விட்டு விலகும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. இங்கே ஒரு கேள்வியை விரும்பிக் கேட்பார்கள்: விலகிய சவ்வுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடத்தில் என்ன இருக்கிறது? ‘காற்று’, ‘வெற்றிடம்’, ‘தண்ணீர்’ மூன்றும் தவறு. அங்கே இருப்பது வெளியே உள்ள அதே சர்க்கரைக் கரைசல். செல் சுவர் நீரையும் சர்க்கரையையும் தடையின்றி உள்ளே விடும், தடுப்பது சவ்வுதான். இந்த ஒரு விடை சரியாக வந்தால், சுவருக்கும் சவ்வுக்கும் உள்ள வேறுபாடு உண்மையிலேயே புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘நீர் வெளியேறுவதால் செல் சுருங்குகிறது’ என்று ஒரே வரியில் நிறுத்தினால் முழு மதிப்பெண் வராது. இப்படி எழுதுங்கள்: ‘வெளிக் கரைசலின் நீரியல் திறன் செல்லில் உள்ளதைவிடக் குறைவு. எனவே தேர்வு கடத்து சவ்வின் வழியே, சவ்வூடு பரவல் மூலம், செல்லிலிருந்து நிகர அளவில் நீர் வெளியேறுகிறது. வாக்குவோலும் (செல்லுக்குள் நீர் நிறைந்த பை) சைட்டோபிளாசமும் சுருங்கி, சவ்வு சுவரை விட்டு விலகுகிறது.’ ‘நிகர’ என்ற சொல்லை விடாதீர்கள். நீர் மூலக்கூறுகள் எப்போதும் இரு திசையிலும் போகின்றன. சமநிலையில்கூட அந்த ஓட்டம் நிற்பதில்லை.

கேள்வி: உருளைக்கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு அடர்த்தியுள்ள கரைசல்களில் போட்டு, முன்னும் பின்னும் எடை பார்க்கும் சோதனையில் எடை வித்தியாசத்தை ஏன் சதவீதமாக மாற்ற வேண்டும்? கிராமிலேயே எழுதினால் என்ன?

பதில்: 4.0 கிராம் துண்டு 4.6 ஆகிறது, 5.0 கிராம் துண்டு 5.6 ஆகிறது. இரண்டிலும் கூடியது 0.6 கிராம்தான். ஆனால் முதலாவது 15 சதவீதம், இரண்டாவது 12 சதவீதம். தொடக்க எடை வேறுவேறாக இருக்கும்போது ஒப்பிட இதுதான் வழி. வித்தியாசத்தைத் தொடக்க எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். கடைசி எடையால் வகுத்துவிடுவது அடிக்கடி நேரும் தவறு. எடை குறைந்திருந்தால் கழித்தல் குறியும் கட்டாயம்.

சோதனை பிசகும் இடங்கள் தெரிந்தவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சேர்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு முறை எடை போடும் முன்பும் ஒரே மாதிரி ஒற்றி எடுக்காவிட்டால், மேலே ஒட்டிய நீரும் எடையில் சேர்ந்துவிடும். தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கமாக நீர் போக முடியாது. துண்டுகளின் நீளமும் தடிமனும் மாறினால் பரப்பளவு மாறி, நீர் போகும் வேகமும் மாறும். குழாயைத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகிக் கரைசல் அடர்த்தியாகும். சதவீத மாற்றத்தை வரைபடமாகப் போட்டால், கோடு பூச்சியத்தை வெட்டும் இடத்தில் உள்ள கரைசலுக்கும் கிழங்குச் செல்லுக்கும் நீரியல் திறன் சமம்.

கேள்வி: சவ்விலுள்ள புரதம் வழியாகப் போனால் அது ஆற்றல்சார் கடத்தல் தானே?

பதில்: இல்லை. குளுக்கோஸ் பல செல்களுக்குள் புரதம் வழியாகத்தான் நுழைகிறது. ஆனால் செறிவு அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குப் போவதால் ஏ.டி.பி. செலவில்லை. அது எளிதாக்கப்பட்ட பரவல். செறிவுச் சரிவுக்கு எதிராக, ஆற்றல் செலவழித்துப் போனால்தான் ஆற்றல்சார் கடத்தல். சோடியம்–பொட்டாசியம் பம்ப் ஒரு ஏ.டி.பி.க்கு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவருகிறது. ‘சயனைடு சேர்த்ததும் உள்ளெடுப்பு வெகுவாகக் குறைந்தது’ என்று கேள்வியில் இருந்தால், சுவாசம் தடைபட்டு ஏ.டி.பி. கிடைக்கவில்லை என்பதே துப்பு.

கேள்வி: செல் பகுப்பில் குரோமோசோம் எண்ணிக்கைதான் பெரிய தொல்லை. மனிதச் செல்லில் டி.என்.ஏ. இரட்டிப்பான பிறகு 46-ஆ, 92-ஆ?

பதில்: 46. குரோமோசோமை எண்ண ஒரே விதிதான்: சென்ட்ரோமியரை எண்ணுங்கள். இரட்டிப்பான பிறகு ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு சகோதரி குரோமாட்டிட்கள் இருந்தாலும், அவை ஒரே சென்ட்ரோமியரில் பிணைந்திருப்பதால் கணக்கு ஒன்றுதான். ஆக 46 குரோமோசோம், 92 குரோமாட்டிட்.

உடல் செல்கள் பகுபடும் மைட்டாசிஸில், குரோமோசோம்கள் நடுக்கோட்டில் நிற்கும் மெட்டாஃபேஸ் வரை இதே கணக்கு. அடுத்த நிலையான அனாஃபேஸில் சென்ட்ரோமியர் பிரிந்ததும் ஒவ்வொரு குரோமாட்டிட்டும் தனிக் குரோமோசோம். அந்தச் சிறிது நேரம் செல்லில் இருப்பது 92 குரோமோசோம். சைட்டோபிளாசம் பிரிந்து இரண்டு செல்லானதும் ஒவ்வொன்றிலும் 46.

இனச்செல்களை உருவாக்கும் மியாசிஸில் இரண்டு பகுப்புகள் உண்டு; முதல் பகுப்பில் சென்ட்ரோமியர் பிரிவதில்லை. ஒத்த குரோமோசோம்களே (தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த ஜோடி) ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அதனால் முதல் பகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் 23 குரோமோசோம், 46 குரோமாட்டிட். எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். இரண்டாம் பகுப்பில் அல்ல. இரண்டாம் பகுப்பில் சென்ட்ரோமியர் பிரிந்து, ஒற்றைக் குரோமாட்டிட் கொண்ட 23 குரோமோசோமோடு இனச்செல் கிடைக்கிறது.

டி.என்.ஏ. அளவைக் கேட்டால் கணக்கு வேறு. இரட்டிப்புக்கு முன் 6 அலகு என்றால், பின் 12. மியாசிஸ் முதல் பகுப்புக்குப் பின் 6. இரண்டாவதற்குப் பின் 3. குரோமோசோம் எண்ணிக்கையையும் டி.என்.ஏ. அளவையும் இரண்டு தனி வரிசையாக எழுதுங்கள். ஒரே வரிசையில் கலந்தால்தான் 92 தேவையில்லாத இடத்தில் வந்து உட்காரும்.

படம் கொடுத்து நிலையைக் கேட்டால், நான்கு குரோமோசோம் மட்டும் உள்ள ஒரு செல்லை மூன்று விதமாக வரைந்து பழகுங்கள். நான்கும் நடுக்கோட்டில் ஒற்றை வரிசையாக நின்றால் மைட்டாசிஸ் மெட்டாஃபேஸ். இரண்டு இரண்டாக, இரு ஜோடிகளாக நின்றால் மியாசிஸ் முதல் மெட்டாஃபேஸ். இரண்டே குரோமோசோம் ஒற்றை வரிசையாக நின்றால் இரண்டாம் மெட்டாஃபேஸ். நிறத்துக்கு இரண்டு பென்சில் எடுத்துக்கொண்டு, தாயிடமிருந்து வந்ததை ஒரு நிறத்திலும் தந்தையிடமிருந்து வந்ததை மற்றொன்றிலும் வரையுங்கள். குறுக்கே கலத்தல், அதாவது குரோமாட்டிட்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, எங்கே நடக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். குறுக்கே கலத்தல் நடப்பது முதல் புரோஃபேஸில், சகோதரி அல்லாத குரோமாட்டிட்களுக்கு இடையே.

கேள்வி: வேர்நுனிச் செல்களை எண்ணி, மெட்டாஃபேஸ் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்கிறார்கள். படத்தில் நேரம் எங்கே இருக்கிறது?

பதில்: அதிக நேரம் நீடிக்கும் நிலையில் அதிகச் செல்கள் அகப்படும்; கணக்கின் அடிப்படை அதுவே. 200 செல்களில் 6 மெட்டாஃபேஸில் இருந்தால் 3 சதவீதம். முழுச் சுழற்சி 20 மணி நேரம் என்று கேள்வியில் கொடுத்திருந்தால், அதில் 3 சதவீதம் 0.6 மணி, அதாவது 36 நிமிடம். 0.6 மணியை 60 நிமிடம் என்று எழுதிவிடாதீர்கள். செல்களை வேர்நுனியில் எண்ணுவதற்குக் காரணம் கேட்டால், பகுப்பு மும்முரமாக நடக்கும் ஆக்குத்திசு அங்கே இருப்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: உருப்பெருக்கக் கணக்கில் விடை ஆயிரம் மடங்கு தவறிவிடுகிறது.

பதில்: அலகு மாற்றாததுதான் காரணம். படத்தின் அளவை உண்மை அளவால் வகுத்தால் உருப்பெருக்கம். படத்தை மில்லிமீட்டரில் அளந்ததும், வேறெதுவும் செய்யும் முன் 1000-ஆல் பெருக்கி மைக்ரோமீட்டராக்குங்கள். படத்தில் 45 மி.மீ., உருப்பெருக்கம் 1500 என்றால், 45,000-ஐ 1500-ஆல் வகுக்க 30 மைக்ரோமீட்டர். பிறகு விடையைச் சரிபாருங்கள்: பாக்டீரியா பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரோமீட்டர், தாவர, விலங்குச் செல்கள் பெரும்பாலும் 10 முதல் 100 வரை. விலங்குச் செல்லுக்கு 0.03 மைக்ரோமீட்டர் என்று வந்தால் எங்கோ ஆயிரம் விட்டுப்போயிருக்கிறது.

கேள்வி: பாக்டீரிய ரைபோசோமின் இரு துணை அலகுகளான 50எஸ், 30எஸ் சேர்ந்தால் 80எஸ் தானே வர வேண்டும்? ஏன் 70எஸ்?

பதில்: எஸ் என்பது எடையல்ல, மையவிலக்கியில் துகள் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதன் அளவு. அது வடிவத்தையும் பொறுத்தது. அதனால் கூட்டினால் ஒத்துவராது. ரைபோசோம் பாக்டீரியாவில் 70எஸ், யூகேரியோட்டின் (உட்கரு உள்ள செல்) சைட்டோபிளாசத்தில் 80எஸ். மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பசுங்கணிகத்துக்கும் சொந்த டி.என்.ஏ.வும் சொந்த ரைபோசோமும் உண்டு. அந்த ரைபோசோம் பாக்டீரிய வகையைச் சேர்ந்தது என்பதால் பாடநூல்கள் 70எஸ் என்றே தருகின்றன. இந்த இரு உறுப்புகளும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களிலிருந்து வந்தவை என்பதற்கு இது முக்கியமான சான்று.

கேள்வி: தாவரச் செல்லில் பசுங்கணிகம் இருக்கும்போது மைட்டோகாண்ட்ரியா எதற்கு? ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி. என்று எழுதுவது?

பதில்: தாவரச் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு, பகலிலும் இரவிலும் சுவாசம் நடக்கிறது. பசுங்கணிகம் ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து செல்லின் மற்ற வேலைகளுக்கு ஏ.டி.பி. எடுப்பது சுவாசம். மண்ணுக்குள் இருக்கும் வேர்ச் செல்லில் பொதுவாகப் பசுங்கணிகமே கிடையாது. ‘பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

ஏ.டி.பி. எண்ணிக்கையில் பழைய பாடநூல்கள் 36 அல்லது 38 என்கின்றன. புதியவை 30 முதல் 32 வரை தருகின்றன. உங்கள் பாடநூலில் உள்ள எண்ணையே எழுதுங்கள். குளுக்கோஸ் பைருவேட்டாக உடையும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸின் நிகர லாபம் 2 ஏ.டி.பி. என்பது எல்லா நூலிலும் ஒன்றுதான். அது நடப்பது சைட்டோபிளாசத்தில். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவது பைருவேட், குளுக்கோஸ் அல்ல.