பிரம்பும் கயிறும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் சென்னையில் பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறார். நான் பீடி சுற்றுகிறேன். மகன் அரசு மேல்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் சாயங்கால பஸ்ஸில் வைத்துப் பத்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் அவனை அடித்துச் சட்டையைக் கிழித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். வகுப்பாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "இப்போதெல்லாம் நாங்கள் ஒரு பையனைத் தொட்டாலே பிரச்சினை அம்மா, நீங்கள்தான் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். ஊரில் எல்லோரும் பிரம்பு போனதோடு பயமும் போய்விட்டது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எழுதிப் புகார் கொடுக்கலாம் என்றால், நாங்குநேரியில் நடந்ததை நினைத்துக் கை நடுங்குகிறது. கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா? இன்னொன்று, நேற்று அவன் பையில் இரண்டு நிறம் சேர்த்துப் பின்னிய கயிறு ஒன்று கிடந்தது. கேட்டால் "கட்டியிருந்தால் யாரும் தொட மாட்டார்கள்" என்கிறான். பெயரும் ஊரும் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

நாங்குநேரியை நினைத்துக் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுங்கத்தான் செய்யும். 2023 ஆகஸ்ட் 9 இரவு அங்கே வெட்டுப்பட்ட மாணவர் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். உடன் படித்தவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தவர். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எழுத்தில் புகார் கொடுத்தார். அன்று இரவே அந்த மாணவர்கள் அரிவாளோடு வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அந்த மாணவர் மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அவரைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவர் கொடுத்த புகாருக்கும் அந்த இரவுக்கும் இடையில் இருந்த சில மணி நேரத்தை என்னால் இன்றும் கடந்துபோக முடியவில்லை. புகார் வாங்கியாயிற்று. யார் மீது புகார் என்பது அவர்களுக்கும் தெரிந்தாயிற்று. இந்தப் பிள்ளை இன்றிரவு எங்கே தூங்குவான், அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்க ஒரு பெரியவர் இல்லை.

பெற்றோர் கேட்கும் கண்டிப்பை நான் இங்கேதான் தேடுகிறேன். பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகு பள்ளி முதல் நாளில் என்ன செய்கிறது என்பதில்தான் ஒரு பள்ளியின் ஒழுங்கு தெரியும்.

பிரம்பைப் பற்றி. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் சார்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போன பெற்றோரை எனக்கும் தெரியும். அது ஆசிரியர் மேல் வைத்த நம்பிக்கை, மறுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையையும் மனதை வருத்தும் தண்டனையையும் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். நம் ஊர்ப் பள்ளியில் பிரம்பு திரும்பி வந்தால் நாளை என்ன நடக்கும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். எந்தத் தெரு ஆசிரியர் எந்தத் தெருப் பையனை அடித்தார் என்பதுதான் சாயங்காலத்துக்குள் ஊர்ப் பேச்சாகும். ஒரு தரப்பு பள்ளி வாசலுக்கு வரும், மறு தரப்பு ஆசிரியருக்குத் துணை நிற்கும், காலையில் ஒரு பையன் வாங்கிய அடி இரவில் இரண்டு தெருக்களின் வழக்காக நிற்கும். பிரம்பு புழங்கிய காலத்திலும் முதுகு பழுத்தது பெரும்பாலும் யாருக்கு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். கேட்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்குத்தான். அடி வாங்கியவன் அடங்கிப்போவதும் இல்லை. தன்னைவிடச் சிறியவன் பஸ்ஸில் அகப்படும்வரை காத்திருப்பான்.

ஆனால் உங்கள் வகுப்பாசிரியர் சொன்ன பதில் எனக்குக் கோபத்தைத் தருகிறது. தொடக்கூடாது என்றால் கேட்கவும் கூடாதா? அந்த மூவரையும் தனித்தனியே உட்காரவைத்து விசாரிக்க எந்தச் சட்டம் தடுத்தது? அவர்கள் வீட்டுக்கு ஒரு தகவல் அனுப்ப யார் அனுமதி வேண்டும்? அவர் பக்கத்து அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து வகுப்புத் தோழனை வெட்டியபோது, தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. பென்சில் தகராறு என்றார்கள். அப்படிப்பட்ட ஆசிரியர்களும் இங்கே இருக்கிறார்கள் என்பதற்காகவே உங்கள் ஆசிரியரின் பதிலை ஏற்க மறுக்கிறேன்.

அந்தப் பாளையங்கோட்டைப் பள்ளி தனியார் பள்ளி. நாங்குநேரி மாணவர் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அம்பாசமுத்திரம் அருகே பள்ளக்கால் பொதுக்குடியில் 2022 ஏப்ரலில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் சக மாணவர்களின் தாக்குதலில் உயிரிழந்தானே, அது அரசுப் பள்ளி. மூன்று வகைப் பள்ளிகளிலும் ரத்தம் சிந்தியிருக்கிறது. ஆகவே கடன் வாங்கி வேன் கட்டணம் கட்ட வேண்டாம். பீடிக் கூலியில் அந்தக் கடனை அடைத்து முடிப்பதற்குள் உங்கள் மகன் பிளஸ் டூவைத் தாண்டியிருப்பான்.

இனி அந்தக் கயிறு. இன்ன சாதி என்று காட்டப் பிள்ளைகள் கையில் கட்டும் நிறக் கயிறு அது. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பள்ளக்கால் பொதுக்குடியில் சண்டை மூண்டதே கையில் கட்டிய கயிற்றை வைத்துத்தான். உங்கள் மகன் ஏன் அடித்தார்கள் என்று சொல்லாததற்கும் பையில் கயிறு வந்ததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நினைக்கிறேன். அடி வாங்கியவன் துணை தேடினான். பள்ளியில் துணை நிற்க யாரும் இல்லாத இடத்தில் சாதி வந்து நின்றது. "கட்டியிருந்தால் தொட மாட்டார்கள்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் ஒருவர் இருப்பார். உங்கள் தெரு முனையிலேயே இருப்பார். நாளை அவர் கூப்பிடும்போது இவன் போயாக வேண்டும். இன்று அடி வாங்கிய பிள்ளை அடுத்த ஆண்டு அதே பஸ்ஸில் அடிக்கும் மூவரில் ஒருவனாக நிற்கும் வழி இதுதான்.

கயிற்றைப் பிடுங்கி அடுப்பில் போட்டால் வேறொன்று வரும். அந்த நிறத்தை அவன் எங்கே பார்த்தான்? கோவில் கொடைக்கு இளைஞர்கள் ஒன்றுபோல் அணியும் பனியனில், கல்யாண வீட்டு பிளெக்ஸ் பேனரில், மின்கம்பத்தில், நாம் எல்லோரும் காசு கொடுத்து அச்சடித்த சுவரொட்டியில். பெரியவர்கள் ஊர் முழுக்கப் பூசிய நிறத்தைப் பிள்ளை மட்டும் மணிக்கட்டில் கட்டக் கூடாது என்றால் அவனுக்கு எப்படி விளங்கும்? 2019-இல் பள்ளிக்கல்வித் துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அமைச்சரே சொல்லிவிட்டார். அப்போது நாம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு நாங்குநேரிக்காக அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அதையே மீண்டும் சொன்னது. நிறக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், பெரிய பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே ஓர் அலுவலர் வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்த அலுவலர் உங்கள் மகன் பள்ளியில் இருந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் பேருந்து நிழற்குடை கேட்கிறோம், கோவிலுக்கு மண்டபம் கேட்கிறோம். இதையும் கேளுங்கள்.

மகனிடம் கயிற்றைப் பற்றி இன்றைக்கே சண்டை போடாதீர்கள். யார் கொடுத்தார்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போனில் அதட்டுவதாக இருந்தால் அதையும் தடுத்துவிடுங்கள். முதலில் அவன் பேச வேண்டும்.

புகார் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மகன் கையால் எழுதவைத்து அவனிடமே கொடுத்தனுப்பக் கூடாது. நீங்கள் எழுதி, நீங்களே தலைமையாசிரியரைத் தனியாகப் பார்த்துக் கொடுங்கள். நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். இன்று சாயங்காலம் என் பிள்ளை எப்படி வீட்டுக்கு வருவான், அந்த மூன்று பேரின் வீட்டுப் பெரியவர்களை எப்போது அழைப்பீர்கள், அதுவரை என் மகன் பெயர் வெளியே போகாமல் இருக்குமா என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருங்கள். ஒரு வாரம் அந்த பஸ்ஸைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். தலைமையாசிரியர் தட்டிக்கழித்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் பதிவு செய்யுங்கள். மிரட்டல் என்று தெரிந்தால் ஒரு நாளும் காத்திராமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். காவல் நிலையம் ஒவ்வொன்றிலும் குழந்தைகள் நலனுக்கென ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரைக் கேட்டுப் போங்கள். அடித்த மூவருக்கும் பதினாறு வயதுகூட ஆகியிருக்காது. அவர்களையும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பாமல் காப்பாற்ற இதுதான் நேரம் என்பதை அவர்கள் பெற்றோருக்கும் தலைமையாசிரியர் சொல்லட்டும்.

உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டமே வகுத்த கணக்கு. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுவார்கள், போய்விட்டு வந்துவிடுவோம் என்று பல தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் சாயங்கால பஸ்ஸைப் பற்றிப் பேசுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அதே பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் தெருவைச் சேராதவராக இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி