லூப் போட்டால் குற்றமா?

வணக்கம் சார்,

பைத்தானில் பாண்டாஸ் (அட்டவணைகளைக் கையாளும் நூலகம்) வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆர்டர் பட்டியல், சுமார் 40,000 வரிசை. இட்டர்ரோஸ் வைத்து லூப் போட்டு, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, எண்ணிக்கை 10-க்கு மேல் இருந்தால் விலையில் 5 சதவீதம் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். லூப்புக்குள் பிரிண்ட் போட்டால் விலை குறைந்திருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் பழைய விலை அப்படியே இருக்கிறது, எர்ரரும் இல்லை. கூட வேலை செய்பவரிடம் கேட்டால் "பாண்டாஸில் லூப் போடுவதே தப்பு" என்று முடித்துவிட்டார். உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி, ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது பதில் இல்லை. டேட்டாஃப்ரேம், அதாவது பாண்டாஸின் அட்டவணை, திரையில் வரிசை வரிசையாகத் தெரிந்தாலும் உள்ளே அது நெடுவரிசைகளாகத்தான் இருக்கிறது. விலை எல்லாம் ஓரிடத்தில், எண்ணிக்கை எல்லாம் இன்னோரிடத்தில். "வரிசை" என்று ஒரு பொருள் அங்கே கிடையாது. நீங்கள் கேட்கும்போதெல்லாம் இட்டர்ரோஸ் ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் ஒரு மதிப்பைப் பொறுக்கி, புதிதாக ஒரு சீரீஸ் (மதிப்புகளின் பட்டியல்) செய்து கையில் தருகிறது. பேரேட்டிலிருந்து ஒரு கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, சீட்டைத் திருத்திவிட்டு, பேரேடு மாறவில்லையே என்றால் எப்படி மாறும்? 40,000 சீட்டு எழுதி 40,000 சீட்டையும் கிழித்துப் போட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட லூப் மெதுவாக ஓடுவதற்கும் காரணம் இதுதான்.

சீட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, நான் மாட்டிக்கொண்டது அதில்தான். என் டேபிளில் இரண்டே நெடுவரிசை: 17 இலக்க ஆர்டர் எண், தசமத்தில் தொகை. ஒரு சீரீஸுக்கு ஒரே வகைதான் என்பதால் இட்டர்ரோஸ் முழு எண்ணையும் ஃப்ளோட் (தசம எண்) ஆக்கிவிட்டது. ஃப்ளோட்டால் 9007199254740992 வரைதான் முழு எண்களை ஒன்றுவிடாமல் சொல்ல முடியும், அதற்கு மேல் போனால் பக்கத்து எண்ணுக்குத் தாவிவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடைசி இலக்கங்கள் மாறிக் கிடந்தன, நான் இரண்டு நாள் டேட்டா அனுப்பியவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். டேபிளில் ஒரே ஒரு எழுத்து நெடுவரிசை, ஒரு பெயரோ ஊரோ, இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்தே இருக்காது என்பதுதான் வேடிக்கை. அப்போது சீரீஸ், எதையும் அப்படியே வைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட் வகையாகி, எண்கள் அப்படியே பிழைத்திருக்கும்.

சரி, லூப்பே வேண்டாமா? நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த வரிசையின் விடைக்கு முந்தைய வரிசையின் விடை வேண்டுமா? உங்களுக்கு வேண்டாம். ஆனால் ஒரு சரக்கிருப்புக் கணக்கை எடுங்கள். வரவைக் கூட்டு, செலவைக் கழி, இருப்பு சுழியத்துக்குக் கீழே போனால் சுழியத்திலேயே நிறுத்து, அங்கிருந்து தொடர். வெறும் கூட்டுத்தொகை என்றால் கம்சம் (வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகும் வசதி) போதும், அந்த "நிறுத்து" வந்ததும் போதாது. அங்கே தாராளமாக லூப் போடுங்கள், இட்டர்ரோஸுக்குப் பதில் இட்டர்ட்யூபிள்ஸில். அது சீரீஸ் செய்வதில்லை, வகையையும் கெடுப்பதில்லை, வேகமும் பல மடங்கு. விடைகளை ஒரு லிஸ்ட்டில் சேர்த்து, முடிந்ததும் ஒரே மூச்சில் புதிய நெடுவரிசையாக ஒட்டிவிடலாம். தலைப்பில் இடைவெளி போல பைத்தான் பெயரில் வரக்கூடாதது ஏதாவது இருந்தால் மட்டும் இட்டர்ட்யூபிள்ஸ் அந்தப் பெயரை விட்டுவிட்டு அடிக்கோடும் எண்ணுமாக வேறு பெயர் வைத்துவிடும். தமிழில் ஒற்றைச் சொல்லாக "விலை" என்று வைத்தால் ஏற்றுக்கொள்ளும், இடைவெளி போன்றவைதான் அதற்குப் பிடிக்காது.

லூப்பை அப்ளை (கொடுத்த ஃபங்ஷனை ஓட்டும் வசதி) என்று மாற்றி ஆக்சிஸ் 1 (வரிசைவாரியாக ஓட்டு என்பது) கொடுத்துவிட்டு, லூப்பை ஒழித்துவிட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளே அதுவும் வரிசை வரிசையாகத்தான் போகிறது.

உங்கள் வேலைக்கு ஒரே வரி போதும்: எண்ணிக்கை 10-க்கு மேல் உள்ள இடங்களை லோக் வைத்துப் பிடித்து, அந்த விலைகளை 0.95-ஆல் பெருக்குங்கள். விலை முழு எண்ணாக இருந்தால் முதலில் ஃப்ளோட் ஆக்கிக்கொள்ளுங்கள், முழு எண் நெடுவரிசையில் தசமத்தைத் திணித்தால் புதிய பதிப்புகள் முறைக்கும். அப்புறம், பழைய விலையின் மேலேயே எழுதாமல் "தள்ளுபடி_விலை" என்று ஒரு நகல் நெடுவரிசை எடுத்து அதில் செய்யுங்கள். நோட்புக்கில் அதே செல்லை (கோட் பெட்டியை) தெரியாமல் இரண்டாம் முறை ஓட்டினால், 5 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 5 சதவீதமும் போய்விடும், அதற்கும் எர்ரர் வராது.